வீட்டுக்குள்ளே ஒரு நெட்வேர்க் கூடம்: பரீட்சைக் காசு கட்டுமுன் படிக்க வேண்டிய பாடம்



"கொம்பியூட்டர் படிச்சா வேலை கிடைக்குமாங்க?" என்பது தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் எங்களிடம் கேட்கப்படும் பழைய கேள்வி. இப்போது அந்தக் கேள்வி கொஞ்சம் மாறி வருகிறது. "நெட்வேர்க் பரீட்சைன்னு ஒண்ணு இருக்காமே, மகன் ஒரு லட்சம் கேக்குறான், கட்டலாமா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். கட்டலாமா, கூடாதா என்று ஒரு வார்த்தையில் சொல்ல எங்களால் முடியாது. ஆனால் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

முதலில் காசுக் கணக்கைப் பார்த்து விடுவோம். சிஸ்கோ கம்பனியின் சி.சி.என்.ஏ. பரீட்சைக்கு 2025இல் கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி வேறு. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 90,000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் 66 முழுப்பேர் போட்டாலும் இன்னும் 900 ரூபா குறையும். மழையில் அரைப்பேர் விழுந்த நாட்களை இதில் நாங்கள் சேர்க்கவில்லை. சம்பளம் கொஞ்சம் கூடினாலும் இந்தப் பாரம் பெரிதாகக் குறைந்து விடாது. பரீட்சையில் தவறினால் அந்தக் காசு திரும்பி வராது. மறுபடி எழுத மறுபடி முழுக் காசும் கட்ட வேண்டும்.

இதை அனுபவித்தே அறிந்த ஒரு தம்பியைக் களுபோவிலயில் சந்தித்தோம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவர். பகலில் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை. இரவில் களுபோவில ஆஸ்பத்திரிப் பக்கம் மூன்று பேராகச் சேர்ந்து எடுத்த ஒரு போர்டிங் அறை. 2023இல் ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறார். அங்கே பாடத்தை விட "பாஸ் கேள்விகள்" என்ற தாள்களைத்தான் அதிகமாகக் கொடுத்தார்களாம். முந்திய பரீட்சைகளில் வந்த கேள்விகள் என்று சொல்லி விடையையும் சேர்த்தே கொடுத்தார்கள். தம்பி முந்நூறு கேள்விகளுக்கு மேல் மனப்பாடம் செய்தார். அம்மா சீட்டு எடுத்து அனுப்பிய பணத்தைக் கட்டிப் பரீட்சைக்குப் போனார்.

"முதல் கேள்வியிலேயே தெரிஞ்சிருச்சுங்க. நான் படிச்ச கேள்விதான். ஆனா நம்பரை மாத்தியிருந்தாங்க. எனக்கு விடை தெரியும், கணக்குத் தெரியாது" என்று அவரே சொன்னார்.

அந்தத் தாள்களைப் பற்றி எங்கள் அபிப்பிராயத்தை இங்கேயே சொல்லி விடுகிறோம். பரீட்சைக் கேள்விகளை வெளியே கொண்டு வருவதும் அப்படி வந்ததை வைத்துப் படிப்பதும் பரீட்சை எழுதுபவர் ஏற்றுக் கையெழுத்திடும் விதிகளுக்கு மாறானது. பிடிபட்டால் பெறுபேறு இரத்தாகலாம், மறுபடி எழுதத் தடையும் வரலாம். அது ஒரு புறமிருக்க, வேலைக்குப் போன இடத்தில் லைன் வேலை செய்யவில்லை என்று முதலாளி கூப்பிட்டால் எந்தத் தாளைப் புரட்டிப் பார்ப்பது?

இரண்டாம் முறைக்கு அந்தத் தம்பி இப்போது வேறு விதமாக ஆயத்தம் செய்கிறார். அறையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் பழைய ரவுட்டர் இரண்டு, பழைய சுவிட்ச் ஒன்று. பக்கத்தில் மூடி உடைந்த ஒரு லெப்டொப். இதைத்தான் வீட்டுக் கூடம் என்கிறோம். கூடம் என்றதும் பாடசாலை விஞ்ஞானக் கூடம் போலப் பெரிதாக நினைக்க வேண்டாம். பிழை விட்டால் காசு போகாத ஒரு இடம், அவ்வளவுதான்.

கடிதம் வந்து சேரும் வழி

நெட்வேர்க் என்பதைத் தமிழில் வலையமைப்பு என்பார்கள். ஒரு கொம்பியூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு அது. போனில் நாம் அனுப்பும் படமும் இந்த வழியில்தான் போகிறது. இதைப் புரிந்து கொள்ள, தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் புதிதாக ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிதம் எப்படி வருகிறது என்று நமக்குத் தெரியும்.

லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பேரையும் டிவிஷனையும் எழுதினால் கடிதம் தோட்டத்து ஆபிஸ் வரைதான் வரும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் திகதி கடந்த பிறகு கைக்கு வந்த கதையை எத்தனையோ குடும்பங்கள் எங்களிடம் சொல்லியிருக்கின்றன. விலாசம் இல்லாதவன் படும் பாடு என்ன என்று நம்மை விட யாருக்குத் தெரியும்? நெட்வேர்க் படிப்பின் பாதி, இந்த விலாசத்தைப் பற்றிய படிப்புத்தான்.

ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் ஒரு விலாசம் உண்டு. அதை ஐ.பி. முகவரி என்பார்கள். 192.168.10.25 என்பது ஒன்று. நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இதில் ஒரு பகுதி லயத்தின் இலக்கம், மீதி காம்பராவின் இலக்கம். எது வரை லயம், எங்கிருந்து காம்பரா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு எண் வேண்டும். அதுதான் சப்நெட் மாஸ்க். மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் லயம், கடைசி எண் காம்பரா. ஆகவே 192.168.10.25உம் 192.168.10.80உம் ஒரே லயத்துக்காரர்கள். 192.168.20.25 வேறு லயம்.

ஒரே லயத்துக்குள் செய்தி போவது எப்படி? நடு வாசலில் நின்று, "எண்பதாம் காம்பரா யாரு?" என்று சத்தம் போட்டால் எல்லோருக்கும் கேட்கும், ஆனால் எண்பதாம் காம்பராக்காரர் மட்டும் "நான்தான்" என்று பதில் சொல்வார். கொம்பியூட்டரும் இதையேதான் செய்கிறது. இந்த முறைக்கு ஆர்ப் என்று பெயர். அதன் பிறகு, யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதைப் பார்த்து அந்த ஒருவரிடம் மட்டும் கொடுக்கும் பெட்டிதான் சுவிட்ச். ஆனால் நீங்கள் போட்ட சத்தம் மலையைத் தாண்டி அடுத்த டிவிஷனுக்குக் கேட்காது அல்லவா? அதுபோல் இந்தக் கூப்பாடு ரவுட்டரைத் தாண்டிப் போகாது.

அடுத்த லயத்துக்குப் போக வேண்டுமானால் ஆபிஸ் வழியாகத்தான் போக வேண்டும். கொம்பியூட்டருக்கு அந்த ஆபிஸ்தான் டிஃபோல்ட் கேட்வே, அதாவது ரவுட்டரின் விலாசம். "என் லயத்தில் இல்லாத எதுவாக இருந்தாலும் இங்கே கொடுத்துவிடு" என்பதே அதன் பொருள். இந்த ஒரு எண்ணைப் பிழையாகப் போட்டால் பக்கத்துக் காம்பராவோடு பேசலாம், வெளியுலகம் கிடையாது. "நெட் வேல செய்யலை" என்று வரும் முறைப்பாடுகளில் இது அடிக்கடி அகப்படும்.

ஆபிஸ் விலாசம் ஒன்றை வைத்துக் கொண்டு தோட்டமே கடிதம் வாங்குகிறதே, அதற்கும் நெட்வேர்க்கில் ஒரு பெயர் உண்டு: நாட். வீட்டு வைபையில் பத்துப் போன்கள் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே விலாசம்தான். எந்தப் போன் எந்தக் கடிதத்தை அனுப்பியது என்று ரவுட்டர் ஒரு பட்டியலில் குறித்து வைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. ஏன் இந்த ஏற்பாடு? ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி விலாசங்கள்தான். உலகத்துப் போன்களுக்கே அது போதாது. நல்ல கிளாக்கர் இருக்கும் ஆபிஸ் போலப் பட்டியல் ஒழுங்காக இருந்தால் நாட் ஒழுங்காக ஓடும். ஆறாம் பதிப்பில் காம்பராவுக்குக் காம்பரா தனி விலாசம் கொடுக்கும் அளவுக்கு எண்கள் இருக்கின்றன. பரீட்சைக்கு இரண்டு பதிப்பும் தெரிய வேண்டும்.

தனி விலாசம் கொம்பியூட்டருக்குக் கிடைத்து விட்டது, லயத்துக்கு இன்னும் கிடைக்கவில்லையே என்று இதை எழுதும்போது எங்களுக்குள் பேசிக் கொண்டோம். பாடத்துக்குத் திரும்புவோம்.

மலையைத் துண்டு போடும் கணக்கு

தம்பி தோற்ற கணக்கு இதுதான். சப்நெட்டிங் என்பார்கள். ஒரு லயத்தில் 256 இலக்கங்கள் இருக்கின்றன. அதை நான்கு சம துண்டாக்க வேண்டும். 256ஐ 4ஆல் பிரித்தால் 64. ஆகவே துண்டுகள் 0 முதல் 63 வரை, 64 முதல் 127 வரை, 128 முதல் 191 வரை, 192 முதல் 255 வரை. ஒவ்வொரு துண்டிலும் முதல் இலக்கம் அந்தத் துண்டின் பெயர். கடைசி இலக்கம் எல்லோரையும் ஒரேயடியாகக் கூப்பிடுவதற்கு. இந்த இரண்டையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. மீதி 62 விலாசங்களைக் கொடுக்கலாம். இப்படி நான்காகப் பிரித்ததன் மாஸ்க் 255.255.255.192. சுருக்கமாக /26 என்று எழுதுவார்கள்.

இப்போது கேள்வி: 192.168.10.77/26 எந்தத் துண்டு? 77 என்பது 64க்கும் 127க்கும் இடையில் இருக்கிறது. இரண்டாம் துண்டு. கொடுக்கக் கூடிய விலாசங்கள் 65 முதல் 126 வரை. இவ்வளவுதான் கணக்கு. எண் எப்படி மாறி வந்தாலும் வழி மாறாது. சமையலறைச் சுவரில் 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று கரியால் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். தினமும் பத்துக் கணக்குப் போட்டால் ஒரு மாதத்தில் தாளே வேண்டாம், மனத்திலேயே வரும்.

கூடத்தில் என்ன செய்வது?

காசு இல்லாதவர்கள் முதலில் தொடங்க வேண்டியது பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள். சிஸ்கோவின் நெட்வேர்க்கிங் அக்கடமியில் ஒரு கணக்குத் திறந்தால் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண லெப்டொப்பில் ஓடும். ரவுட்டர், சுவிட்ச், கேபிள் எல்லாம் திரையில் படமாக இருக்கும், இழுத்து வைத்து இணைத்து உண்மையான கட்டளைகளைத் தட்டலாம். ஒருமுறை தரவிறக்கி விட்டால் பயிற்சிக்கு நாள் முழுவதும் இன்டர்நெட் தேவைப்படாது. சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டிய தோட்டங்களில் இது பெரிய வசதி.

முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ரவுட்டர் இரண்டு வையுங்கள். முதல் ரவுட்டருக்குப் பின்னால் 192.168.10 என்ற லயம், இரண்டாவதற்குப் பின்னால் 192.168.20 என்ற லயம். இரண்டு ரவுட்டருக்கும் இடையில் 10.0.0.1, 10.0.0.2 என்று ஒரு சின்னப் பாதை. அதற்கு /30 போதும், அதில் இரண்டே விலாசம்தான் கொடுக்க முடியும். லயத்துக்கு ஒரு கொம்பியூட்டர். கேட்வே போட்டாயிற்று, கேபிள் போட்டாயிற்று. ஆனாலும் கேபிளின் முனையில் சிவப்புத்தான் எரியும். ஏன் தெரியுமா? சிஸ்கோ ரவுட்டரின் கதவுகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது பூட்டியே இருக்கும். ஒவ்வொரு கதவுக்கும் போய் "நோ ஷட்டவுன்" என்று தட்டித் திறக்க வேண்டும். சுவிட்சின் கதவுகளோ திறந்தே இருக்கும். புத்தகத்தில் இதை ஒரு வரியில் படித்து மறந்து விடலாம். அரை மணித்தியாலம் சிவப்பைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்தவன் மறக்க மாட்டான்.

அடுத்தது வழி சொல்லிக் கொடுப்பது. முதல் ரவுட்டருக்குத் தன்னோடு சேர்ந்த இடங்கள் மட்டுமே தெரியும். "20ஆம் லயத்துக்குப் போக வேண்டுமானால் 10.0.0.2 இடம் கொடு" என்று நாம் எழுதி வைக்க வேண்டும். இதை எழுதாமல் ஒரு கொம்பியூட்டரிலிருந்து மற்றதற்குப் பிங் அனுப்பிப் பாருங்கள். பிங் என்பது, "இருக்கிறாயா?" என்று கேட்கும் ஒரு சின்னக் கடிதம். உடனே, அந்த இடத்துக்குப் போக முடியாது என்று நம் கேட்வேயே பதில் சொல்லும். இப்போது முதல் ரவுட்டரில் மட்டும் வழியை எழுதி மறுபடி அனுப்புங்கள். இந்த முறை மறுப்பும் வராது, பதிலும் வராது. காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்தது என்று காட்டும்.

இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கடிதம் போய்ச் சேர்ந்து விட்டது. பதில் எழுதியவருக்குத் திரும்பி அனுப்ப வழி தெரியவில்லை. இரண்டாம் ரவுட்டரில் 10ஆம் லயத்துக்கான வழியை எழுதவில்லையே! அதையும் எழுதியதும் பிங் வேலை செய்யும். முதல் கடிதம் ஒன்று தொலையக் கூடும். ஆர்ப் கூப்பாடு முடிவதற்குள் அதன் நேரம் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

"போகவில்லை" என்பதும் "போனது, ஆனால் திரும்பவில்லை" என்பதும் வேறு வேறு நோய். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். களுபோவிலத் தம்பி முதல் முறை எழுதியபோது பெறுபேற்றுத் தாளில் ஆகக் குறைந்த வீதம் வந்தது இந்தப் பகுதிக்குத்தான்.

அவர்கள் அறையில் ஒரு விளையாட்டு நடக்கிறது. தம்பி கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது கூட இருக்கும் இருவரும் கூடத்தில் எதையாவது கெடுத்து வைப்பார்கள். ஒரு நாள் கேபிளைக் கழற்றி விடுவார்கள், ஒரு நாள் மாஸ்கை மாற்றி விடுவார்கள், ஒரு நாள் கதவைப் பூட்டி விடுவார்கள். வந்து கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு பிழைக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்ததாம். நாங்கள் போயிருந்த அன்று பதினொரு நிமிஷம். லயத்தில் இருந்து படிப்பவர்களுக்குக் கூட்டாளி இல்லையே என்று கவலை வேண்டாம். தங்கச்சியிடம் சொன்னால் போதும், கெடுத்துத் தருவாள்!

பரீட்சையில் என்ன வரும்?

சி.சி.என்.ஏ.யின் இப்போதைய 200-301 என்ற வடிவம் 2020 பெப்ரவரி 24இல் வந்தது. 2024 ஆகஸ்டில் பாடத்திட்டத்தில் சில மாற்றங்கள் செய்தார்கள். ஆகவே காசு கட்டும் வாரத்தில் பாடத்திட்டத்தை ஒருமுறை திறந்து பார்த்து விடுங்கள். நேரம் 120 நிமிஷம். அடிப்படைகளுக்கு 20 வீதம், சுவிட்ச் சம்பந்தப்பட்டதற்கு 20, மேலே சொன்ன வழி காட்டும் வேலைக்கு 25, சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தானியங்கி முறைகளுக்கு 10. ஒரு கேள்வியைத் தாண்டி விட்டால் திரும்பிப் போக முடியாது. சாதனத்தை இயக்கிக் காட்டச் சொல்லும் கேள்விகளும் வரலாம், அங்கே மனப்பாடம் உதவாது. சித்தியடைந்தால் சான்றிதழ் மூன்று வருஷத்துக்குச் செல்லும். தமிழில் பரீட்சை இல்லை. பாடத்தைத் தமிழில் விளங்கிக் கொள்ளுங்கள், சொற்களை ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகுங்கள்.

ஒரு லட்சத்துக்குப் பயப்படுகிறவர்கள், அதே சிஸ்கோவின் சி.சி.எஸ்.டி. என்ற இதற்கு முந்திய படியைப் பார்க்கலாம். 50 நிமிஷம், 125 டொலர். அதைவிட, தொழிற்பயிற்சி அதிகார சபையின் என்.வி.கியூ. நான்காம் மட்டப் பயிற்சிகளையும் விசாரியுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழ்தான் சான்றிதழ் என்று நினைப்பது பிழை என்பது எங்கள் கருத்து. எந்தச் சான்றிதழும் தானாக வேலை வாங்கித் தராது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அனேகமானோர் முதலில் கேபிள் இழுத்து, கமரா பூட்டித்தான் தொடங்குகிறார்கள்.

சாமான் வாங்குமுன்

கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு தங்கச்சியையும் பார்த்தோம். அவரிடம் ரவுட்டரும் இல்லை, சுவிட்சும் இல்லை. பாக்கெட் டிரேசர் மட்டும்தான். பொம்பளைப் பிள்ளை இராத்திரியில் லெப்டொப்போடு உட்கார்ந்திருக்கிறதே என்று வீட்டில் முதலில் முணுமுணுத்தார்களாம். அவருடைய கொப்பியில் சப்நெட் கணக்குகள் நாற்பது பக்கத்துக்கு மேல் இருந்தன. எங்கள் கண்ணுக்கு அவர் களுபோவிலத் தம்பியை விட ஒரு படி முன்னுக்கு நிற்கிறார். (தம்பி கோபிக்கக் கூடாது.) ஆகவே பெட்டி வாங்கினால்தான் படிக்கலாம் என்று பிள்ளை அடம் பிடித்தால் நம்ப வேண்டாம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டையிலும் விசாரிக்கலாம். பழைய 2960 ரக சுவிட்ச் ஒன்று போதும். வாங்கும்போது கடையிலேயே கரண்ட் கொடுத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழைய பாஸ்வேர்டை அழித்துத் தரச் சொல்லுங்கள். கட்டளை தட்டுவதற்கு கொன்சோல் கேபிள் என்று தனியாக ஒன்று வேண்டும், லெப்டொப்பில் செருக யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றும் வேண்டும். வேகம் 9600 என்று வைத்தால்தான் திரையில் எழுத்து ஒழுங்காக வரும், இல்லாவிட்டால் கோழி கிண்டின மாதிரி இருக்கும்.

ரவுட்டரை விடப் பிரயோசனமான செலவு கிரிம்பிங் டூல் ஒன்றும் கொஞ்சம் கேபிளும். உள்ளே எட்டுக் கம்பி. வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இந்த வரிசையை இரண்டு முனையிலும் ஒரே மாதிரிப் போட வேண்டும். பச்சைச் சோடியை நீலச் சோடி பிரித்துக் கொண்டு நிற்பதைக் கவனியுங்கள், புதிதாகப் பூட்டுகிறவர்கள் பிழை விடுவது அங்கேதான். கேபிள் ஒரு துண்டு 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. இதைச் சுத்தமாகப் பூட்டத் தெரிந்தாலே நாலு காசு பார்க்கலாம்.

லயத்தில் கூடம் அமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே பிளக்கில் பல சாமான்களைச் செருகாதீர்கள், பழைய வயரிங் தாங்காது. பழைய ரவுட்டர்கள் சூடாகும், காற்றாடிச் சத்தமும் பலம். தொட்டில் பிள்ளை இருக்கும் காம்பராவுக்கு அது சரிவராது. ஏப்ரலிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி தொடங்கினால் கரண்டையும் கழற்றுங்கள், வெளியிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். இடி இரண்டு வழியாலும் வரும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. பரீட்சைக்குப் பதியும் பெயரும் நீங்கள் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நமக்குள் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு எழுத்துக் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். லெட்சுமி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் காசும் போய்விடும். திருத்த வேண்டியிருந்தால் படிப்பைத் தொடங்கும் நாளிலேயே பிரதேச செயலகத்துக்கு நடக்கத் தொடங்குங்கள். படிப்பு ஆறு மாதத்தில் முடியலாம், பெயர் திருத்தம் முடியும் என்று எங்களால் சொல்ல முடியாது.

எப்போது காசு கட்டலாம்? நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது. சப்நெட் கணக்கு ஒன்றை ஒரு நிமிஷத்துக்குள் தாளில்லாமல் போட வேண்டும். இரண்டு ரவுட்டர் கூடத்தை ஒன்றும் பார்க்காமல் அரை மணித்தியாலத்தில் கட்ட வேண்டும். யாராவது கெடுத்து வைத்த பிழையைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றும் தொடர்ந்து இரண்டு வாரம் முடிந்தால் கட்டுங்கள். களுபோவிலத் தம்பி இன்னும் கட்டவில்லை. அந்தப் பதினொரு நிமிஷம் பத்தாக வேண்டும் என்று காத்திருக்கிறார். "இந்தத் தடவ அம்மாக்கிட்ட கேக்க மாட்டேங்க, கடைச் சம்பளத்துல சேத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

வீட்டு வேலை

1. 192.168.20.200/27 எந்தத் துண்டைச் சேர்ந்தது? அந்தத் துண்டில் கொடுக்கக் கூடிய முதல் விலாசம் எது, கடைசி விலாசம் எது? (ஒரு துண்டுக்கு 32 இலக்கம்.)

2. ஒரு கொம்பியூட்டர் பக்கத்துக் கொம்பியூட்டரோடு பேசுகிறது. வெளியே எதோடும் பேசவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

3. பாக்கெட் டிரேசரில் மேலே சொன்ன இரண்டு ரவுட்டர் கூடத்தைக் கட்டி, இரண்டாம் ரவுட்டரின் வழியை மட்டும் அழித்து விட்டுப் பிங் அனுப்புங்கள். திரையில் வந்ததை அப்படியே கொப்பியில் எழுதி வையுங்கள்.

விடைகள் அடுத்த இதழில்.